தீவகம் நாடிய தனிமகளிர்: பண்டத்தரிப்புச் சூழல்வழி ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழர் கடற்செலவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வணிகரையும் படைத்தலைவரையும் மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. கலமேறிய ஆடவர் பேசப்படுமளவிற்குக் கடல்கடந்து தீவடைந்த பெண்டிர் பேசப்படுவதில்லை. சுற்றமும் கணவரும் துணைவராது ஒரு பெண் தீவொன்றை நாடி வருதல் எவ்வெச் சூழ்நிலைகளில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்னும் வினாவை எழுப்பி, அதற்குரிய விடையைப் பண்டத்தரிப்புச் சூழலிற் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, வலிகாமத்தில் அமைந்த பண்டத்தரிப்பு இவ்வாய்வுக்கு ஏற்றதொரு களமாகும். அதற்கு அணித்தே மாதகற் கரையும் சம்புத்துறையும் உள்ளன. பௌத்த எச்சங்களாற் புகழ்பெற்ற கந்தரோடையும், அமெரிக்க மிஷனரிமார் மகளிர் விடுதிப் பாடசாலை நிறுவிய உடுவிலும் தொலைவில்லை. காப்பியம், வரலாற்று நூல், மிஷன் பதிவு என்னும் மூவகைச் சான்றுகளும் இச்சிறு நிலப்பரப்பையும் அதனை அடுத்த தீவுகளையும் சுட்டி நிற்கின்றன.

இலக்கண மரபும் மணிமேகலையும்

முதற்கண் நோக்கத்தக்கது தொல்காப்பிய மரபாகும். கடல்வழிச் செலவு பெண்ணொடு கூடி நிகழ்வதில்லை என அகத்திணையியற் சூத்திரமொன்றுக்கு இளம்பூரணர் பொருள்கொண்டார். நச்சினார்க்கினியரோ அதனைக் கடலொடு பொருத்தாது, ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவிலும் தலைவி உடன் செல்லாமையைக் கூறுவதாகக் கொண்டார். உரையாசிரியர் தம்முள் வேறுபடினும், பெண் இல்லின்கண் இருத்தற்குரியள் என்பதில் இருவர் உரையும் ஒன்றுபடுகின்றன.

இம்மரபை அறிந்த புலவராகிய சாத்தனார் தம் காப்பியத் தலைவியைத் தீவுக்கு அனுப்பிய முறை கருதத்தக்கது. புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் மணிபல்லவம் உள்ளதென்பது காப்பியச் செய்தி. உவவனத்தில் துயின்ற மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று அத்தீவில் வைக்கின்றது. அவள் கண்விழித்தபோது எதிரே காண்பது ஆளரவமற்ற மணற்கரை. அஞ்சி அழுது, தோழியையும் தந்தையையும் நினைந்து அரற்றிய பின்னர், புத்தபீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை உணர்கின்றாள். அங்குத் தீவதிலகை என்னும் காவற்பெண்ணே அவளுக்கு அமுதசுரபியின் வரலாற்றை உரைக்கின்றாள். இரண்டாம் முறை மணிமேகலை மணிபல்லவம் செல்கையில் ஆபுத்திரனாகிய புண்ணியராசன் கப்பலில் வருகின்றான். அவளோ மந்திர வலிமையால் வான்வழி வருகின்றாள். கப்பலேறாமலே தலைவியைக் கடல்கடக்கச் செய்த இவ்வமைப்பு தற்செயலானதன்று எனக் கருதுகின்றோம். மரபு மூடிய கடல்வழியைப் புலவர் திறக்கவில்லை. அதற்கு மேலாக வேறொரு வழியை அமைத்துக்கொண்டார். அதே காப்பியத்து ஆதிரை, கணவன் சாதுவன் கடலில் அல்லலுற்ற காலத்தும் இல்லிருந்தே கற்புக்காத்தவளாகப் போற்றப்படுதலையும் இதனொடு ஒப்பிட்டு நோக்குக.

மணிபல்லவம் யாதென்பதில் அறிஞரிடையே கருத்தொருமை இல்லை. முதலியார் இராசநாயகம் அதனை யாழ்ப்பாணத்தோடு இணைத்து ஆராய்ந்தார். நயினாதீவே அது என்பாரும் உளர். எம் ஆய்வுக்கு அவ்விடத்தைத் துணிதல் இன்றியமையாததன்று. தனித்த பெண்ணொருத்தி தீவின் மணற்கரையில் அச்சந்தெளிந்து அறிவு பெறுதலைத் தமிழ்க் காப்பியமொன்று கருவாகக் கொண்டது என்பதே எமக்கு வேண்டுவது.

சம்புத்துறையும் சங்கமித்தையும்

இனி மகாவம்சம் கூறுவதைக் காண்போம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தேவநம்பிய தீசனின் ஆட்சிக்காலத்தில் அசோகனின் மகள் சங்கமித்தை, வெள்ளரசுக் கிளையோடு சம்புகோளத் துறையில் இறங்கினாள் என அந்நூல் கூறும். அத்துறை மாதகலை அடுத்த சம்புத்துறையே எனப் பொதுவாகக் கொள்வர். அவளோடு பிக்குணியர் பதினொருவர் வந்தமையின் அவளைத் தனித்து வந்தவளெனக் கொள்ள இயலாது. எனினும் தந்தையோ கணவனோ துணைவராத வரவு அது.

அவள் வந்த காரணமே இங்குக் கருதத்தக்கது. அரசகுலத்து அனுலாதேவியும் பிற மகளிரும் துறவு வேண்டியபோது, பெண்ணுக்குத் துறவளிக்கப் பிக்குகளாகிய தமக்கு உரிமையில்லை என்றும், பாடலிபுரத்திலிருந்து தம் தங்கையை அழைப்பிக்குமாறும் மகிந்தர் கூறினர் என்பது வரலாறு. ஆடவரால் செய்யலாகாத பணி ஒன்று இருந்தமையாலேயே பெண்ணின் கடற்செலவு வேண்டப்பட்டது. இக்காரணம் இரண்டாயிரம் ஆண்டுகளின் பின் இதே அயலில் மீண்டும் தோன்றுதலைக் காணலாம்.

சம்புத்துறையில் 2009ஆம் ஆண்டுப் போர்முடிவின் பின் எழுந்த விகாரையும் சிலையும் ஊர்மக்களிடையே வேறுபட்ட உணர்வுகளைத் தோற்றுவித்துள்ளன. சங்கமித்தையின் நினைவை ஓரினத்துக்கே உரியதாக்குவதும், அந்த அச்சத்தால் நாம் அதனைக் கைவிடுவதும் ஒருங்கே தவறாகும். மணிமேகலையைப் பெற்ற மொழிக்கு அந்நினைவிலும் பங்குண்டு.

மிஷன் காலம்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையிலும் அதனையடுத்து வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். அவர்கள் யாழ்ப்பாணத்தைத் தேர்ந்தமைக்கு ஒரு பெண்ணின் பயணமும் காரணமாயிற்று. 1812இல் கல்கத்தாவிற் குடியிருக்க இசைவு மறுக்கப்பட்ட ஹரியற் நியூவெல் கணவரோடு மொறீசியசுத் தீவுக்குச் செல்லுங்கால், வழியிலே குழந்தையை இழந்தார்; அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே தீவில் தாமும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 19. தனித்து நின்ற கணவர் 1813இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மிஷன் பணிக்கு ஏற்றதென எழுதினார்.

மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் நிலைகொண்டு நோயாளரைப் பார்க்கலானார். அவரோடு வந்த மகளிர் யாவரும் மிஷனரிமாரின் மனைவியரே. மணமாகாப் பெண்ணை அனுப்ப அமெரிக்க மிஷன் சபை அந்நாளில் தயங்கிற்று. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பெற்சி ஸ்ரொக்ரன் 1822இல் ஹவாய்த் தீவுகளுக்குப் புறப்பட்டதும், சிந்தியா ஃபரர் 1827இல் பம்பாய்க்கு அனுப்பப்பட்டதும் அரிய விதிவிலக்குகளாம்.

உடுவிலில் 1824இல் ஹரியற் வின்சிலோ தொடக்கிய மகளிர் விடுதிப் பாடசாலை அத்தயக்கத்தை நீக்கிற்று. வளர்ந்த பெண்பிள்ளைகளைக் கற்பிக்க ஆடவர் ஆகார். மிஷனரி மனைவியருக்கோ குடும்பச்சுமை. எனவே 1839இல் பொஸ்ரனிற் கப்பலேறி 1840இல் யாழ்ப்பாணம் அடைந்த மணமாகா மகளிருள் ஒருவராகிய எலைசா அக்னியூ உடுவிலுக்கு உரியவரானார். சிறுமியாய்ப் பள்ளியிற் பயின்ற நாளிலே, தேசப்படத்தில் மொறீசியசுத் தீவைக் காட்டி ஹரியற் நியூவெலின் வரலாற்றை ஆசிரியர் கூறக் கேட்டு அவர் இம்முடிவு கொண்டார் என்பர். உற்றார்க்குரிய கடமைகள் தீரும்வரை காத்திருந்து, 32ஆம் வயதிலேதான் புறப்பட முடிந்தது. 1879 வரை பாடசாலைப் பணியாற்றி, ஒருமுறையேனும் தாயகம் மீளாது, 1883இல் மானிப்பாயில் மறைந்தார். தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறையினர் அவரிடம் பயின்றனர்.

மருத்துவத்துறையிலும் அக்காரணமே தொழிற்பட்டது. ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்த பெண்களுக்கெனப் பெண் மருத்துவர் வேண்டப்பட்டனர். மேரி, மார்கரற் லீச் சகோதரியரின் முயற்சியால் இணுவிலில் மகளிர் மருத்துவமனை எழுந்தது. இசபெல்லா கேர் அங்குப் பணிபுரிந்தார். பண்டத்தரிப்பில் மருத்துவம் தொடங்கிய ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர், 1900இல் மருத்துவராக வேலூருக்கு மீண்டு, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். ஆண் மருத்துவரை ஏற்காமையால் ஒரே இரவில் பெண்கள் மூவர் மாண்டதே அவரை இப்பணிக்கு உந்தியது.

ஆயின் இவ்வனுமதிக்கு ஓர் எல்லையும் இருந்தது. கனடாவிற் பிறந்து 1896இல் மருத்துவராக வந்த மேரி ஏர்வின், யாழ்ப்பாணத் தமிழராகிய எஸ். சி. கே. ரட்ணத்தை மணந்தமையால் மிஷனை விட்டு நீங்க நேர்ந்தது. பிற்காலத்தில் அவரே மேரி ரட்ணம் என்னும் பெயருடன் 1930இல் லங்கா மகிளா சமிதியை நிறுவி, 1958இல் மக்சேசே விருது பெற்றார். பணிக்காக வந்த பெண் மதிக்கப்பட்டாள். தன் விருப்பின்படி வாழத் தொடங்கியதும் அம்மதிப்பு மீளப் பெறப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். ஆடவர் செய்யலாகாத பணி, துறவளித்தலோ கற்பித்தலோ மருத்துவமோ, எழுந்தபோதெல்லாம் பெண்ணுக்குக் கடல்வழி திறந்தது. பணியே அவளது கடவுச்சீட்டாயிற்று. பணியெதுவும் சுமத்தப்படாது, தன் பிறப்பையும் மனத்தையும் அறியுமாறு தீவுக்கரையில் நின்றவள் மணிமேகலை ஒருத்தியே. அவளையும் தெய்வமே தூக்கிச்செல்ல வேண்டியிருந்தது.

இன்று குறிகட்டுவானிற் படகேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ, காரைநகர்க் கசூரினாக் கரைக்கோ தனித்துச் செல்லும் பெண்ணை நோக்கி, "என்ன அலுவலாக வந்தீர்கள் பிள்ளை?" என்று கேட்பது எம்மவர் வழக்கம். அன்பினாற் கேட்கப்படினும் அவ்வினாவின் வேர் மிக ஆழமானது. "கடல் பார்க்க வந்தேன்" என்னும் விடையும் போதியதாகும் நாளே இவ்வரலாற்றில் ஒரு புதிய கட்டமாகும்.

இன்னுமொரு கடமை எமக்குண்டு. உடுவில் விடுதி மாணவியர் பலருக்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவர்தம் தமிழ்ப்பெயர்கள் பதிவுகளில் மறைந்தன. அப்பாடசாலையிற் கற்று ஆசிரியைகளாகவும் தாதியராகவும் ஊர்விட்டு ஊர்சென்ற எம் பெண்டிரின் பெயர்களைக் குடும்பப் பத்திரங்களிலும் திருச்சபைப் பதிவேடுகளிலும் பழம்பெருமக்கள் நினைவிலும் தேடித் தொகுத்தல் வேண்டும். கடல்கடந்து வந்தோர் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. வாயிற்படி கடந்தோர் வரலாறு இனித்தான் எழுதப்படல் வேண்டும்.