தபாலில் வந்த கணக்குப் பாடம்

வரலாற்றைத் தபாலில் படித்துவிடலாம். அக்பர் எப்போது பட்டத்துக்கு வந்தார் என்பதில் யாரும் நடுவழியில் மாட்டிக்கொள்வதில்லை. கணக்கு அப்படியா? மூன்றாவது வரியில் ஒரு கழித்தல் குறியை விட்டால் கடைசி வரி வரை தப்புதான். பக்கத்தில் வாத்தியார் இருந்தால் விரலால் தொட்டுக் காட்டிவிடுவார். அவர் இல்லாத இடத்தில், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் நோட்டைத் திறப்பவர் என்ன செய்வார்?

1840-ல் இங்கிலாந்தில் மலிவுத் தபால் வந்த கையோடு ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபாலில் சொல்லிக் கொடுத்தார். அவருடைய சாமர்த்தியம் பாடத்தை அனுப்பியதில் இல்லை. மாணவர் எழுதியதை வாங்கித் திருத்தித் திருப்பி அனுப்பினாரே, அதில்தான் இருக்கிறது.

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் ஆரம்பித்தது. 1966-ல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம் (காமராசர் பெயர் 1978-ல்தான் சேர்ந்தது) 1971-ல் அஞ்சல் வழிக் கல்வியில் இறங்கியது. உள்ளூர்க்காரர்களுக்கே அது தேவைப்பட்டது என்பதுதான் வேடிக்கை! கே.கே. நகர் ஊரின் கிழக்கே. பல்கலை நகரோ மேற்கே, தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையையும் தாண்டி. காலை பத்து மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவர் அதே பத்து மணிக்கு அங்கே வகுப்பில் எப்படி உட்காருவார்? அஞ்சல் வழியில் பி.காம். படிப்பவருக்கு வட்டிக் கணக்கு கடையிலேயே பழகியிருக்கும். அணிக்கோவை வந்தால்தான் திகைப்பு.

அதே 1971 ஜனவரியில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பாடம் நடத்தத் தொடங்கியது. சேருவதற்குப் படிப்புத் தகுதி எதுவும் கேட்கவில்லை. முதல் வருடமே கணிதத்துக்கு ஓர் அடிப்படைப் பாடம் இருந்தது. பிபிசி டிவியில் பாடம் வந்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் ஆளைத் தாங்கிப் பிடித்தவர் பயிற்றாசிரியர். தபாலில் வரும் தாளில் எந்த வரியில் சறுக்கல் என்று கைப்பட எழுதி அனுப்புவார். கோடையில் ஒரு வாரம் கல்லூரி வளாகத்தில் தங்கி நேரிலும் கேட்கலாம்.

1985-ல் வந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இன்னொன்று செய்தது. பிளஸ் டூ முடிக்காதவர்களுக்கென்று ஓர் ஆயத்தப் படிப்பு வைத்து, அதில் பொதுக் கணிதத்தையும் சேர்த்தது. பள்ளியை விட்டுப் பதினைந்து வருடம் ஆனவருக்குப் பின்னக் கணக்கே மறந்திருக்கும் என்பதைப் பாடத்திட்டத்திலேயே ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமில்லை.

பிறகு இணையம். 2020-ல் சென்னை ஐஐடி, ஜேஇஇ இல்லாமலேயே ஓர் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. வயது வரம்பு கிடையாது. நான்கு வாரம் கணிதம், புள்ளியியல் உள்ளிட்ட பாடங்களை நடத்திவிட்டு, அதற்கப்புறம்தான் தகுதித் தேர்வு. வழக்கமான நுழைவுத் தேர்வைத் தலைகீழாகத் திருப்பிய மாதிரி!

ஆனால் இணையக் கணக்கு வகுப்புகளில் பொதுவாக ஒரு சிக்கல். விடையை அழுத்தியவுடன் சரியா தப்பா என்று கணினி சொல்லிவிடும். எந்த வரியில் தப்பு என்பது பெரும்பாலும் தெரியாது. நோட்டுப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பலாம்தான், மறுமுனையில் அதைப் படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே! 1971-ன் பயிற்றாசிரியருக்குப் பல நாள் பிடித்தது, ஆனால் வரியைக் காட்டினார்.

இதற்குக் காரணம் பி.காம். முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறது. வீடியோ என்பது நிலைச் செலவு. ஒருமுறை எடுத்தால் நூறு பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் அதே தொகை. சந்தேகம் தீர்க்கும் ஆள் மாறும் செலவு. மாணவர் கூடக் கூட அதுவும் கூடும். பட்ஜெட்டில் கத்தரி முதலில் விழுவது அங்கேதான்.