தொலைக் கன்சோல் மேலாண்மை: ஜொகூர் தரவு மையங்களின் பின்னணியில் ஒரு வரலாறு

தரவு மையத்தின் ரேக்குகளில் அடுக்கியிருக்கும் சர்வர்களை, அருகே போகாமல் வேறோர் இடத்திலிருந்து இயக்கிப் பழுதுபார்க்கும் முறைக்குத் தொலைக் கன்சோல் மேலாண்மை என்று பெயர். சர்வரின் இயங்குதளம் நின்றுபோனாலும், வலையமைப்பு அறுந்தாலும், மின்சாரம் இருக்கும்வரை அந்த இயந்திரத்தின் திரையைப் பார்க்கவும் விசைகளை அழுத்தவும் மின்விசையை அணைத்துப் போடவும் இது வழிசெய்கிறது. கேவிஎம் ஸ்விட்ச், சீரியல் கன்சோல் சர்வர், சர்வருக்குள்ளேயே பொருத்தப்பட்ட பிஎம்சி சில்லு ஆகிய மூன்றும் இதன் முக்கியக் கருவிகள். மலேசியாவின் ஜொகூர் மாநிலம் 2021க்குப் பிறகு தென்கிழக்காசியாவின் பெரிய தரவு மையக் களமாக வளர்ந்தபோது, எல்லைக்கு அப்பாலிருந்து இயந்திரங்களைப் பராமரிக்கும் இந்த முறை அங்கு அன்றாடத் தேவையாயிற்று.

தொடக்கம்: தட்டச்சு முனையம்

கணினியோடு பேசுவதற்கென ஒதுக்கப்பட்ட முனையமே கன்சோல். 1963இல் வெளிவந்த டெலிடைப் 33 இயந்திரம், நொடிக்குப் பத்து எழுத்துகள் வீதம் தாளில் அச்சிட்டு, பல கணினிகளுக்குக் கன்சோலாக இருந்தது. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விடி100 போன்ற திரை முனையங்கள் அந்த இடத்துக்கு வந்தன. முனையத்தையும் கணினியையும் இணைத்தது ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்பு. இந்தத் தரம் 1960இல் வகுக்கப்பட்டது. இன்றும் நெட்வொர்க் ஸ்விட்சுகளிலும் ரவுட்டர்களிலும் கன்சோல் துளையாக நீடிக்கிறது.

கணினிகள் பெருகியதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையம் வைப்பது கட்டுப்படியாகவில்லை. பல சீரியல் கம்பிகளை ஒரே பெட்டியில் சேர்த்து, வலையமைப்பு வழியே வேண்டிய கணினியைத் தேர்ந்தெடுக்கும் டெர்மினல் சர்வர்கள் 1980களில் பரவின. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்த கன்சர்வர் என்ற மென்பொருள் இதற்கு இன்னொரு பயனைச் சேர்த்தது. ஒவ்வொரு கன்சோலிலும் ஓடும் வரிகளை அது இடைவிடாமல் பதிந்துவைத்தது. கணினி செயலிழக்கும் கணத்தில் கடைசியாக என்ன சொன்னது என்பது, யாரும் பார்த்துக்கொண்டிருக்காவிட்டாலும், கோப்பில் கிடைத்தது.

இந்த முறைக்கே உரிய ஆபத்துகளும் அன்றே தெரிந்தன. சன் நிறுவனத்தின் சர்வர்கள், சீரியல் கம்பியில் ‘பிரேக்’ என்ற சமிக்ஞை வந்தால் ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளும். சில டெர்மினல் சர்வர்கள் அணைந்து மீளும்போது அந்தச் சமிக்ஞையை எல்லாத் துளைகளிலும் அனுப்பிவிடும்; ஒரு சிறிய பெட்டியின் மின்தடை, அதோடு இணைந்த சர்வர்களையெல்லாம் ஒரே நொடியில் நிறுத்திவிடும். அதன் பிறகே, பிரேக் அனுப்பாத கன்சோல் சர்வர்கள் தனிச் சிறப்போடு விற்பனைக்கு வந்தன.

கேவிஎம் ஸ்விட்ச்

1990களில் பிசி வகை சர்வர்கள் தரவு மையங்களை நிரப்பின. இவற்றின் பயாஸ் அமைப்பும் விண்டோஸ் என்டி இயங்குதளமும் சீரியல் வரிகளோடு நிற்கவில்லை; கீபோர்டும் மானிட்டரும் மவுஸும் கேட்டன. இம்மூன்றின் ஒரே தொகுதியைப் பல சர்வர்களுக்கு மாற்றி மாற்றி இணைக்கும் கேவிஎம் ஸ்விட்ச் இந்தத் தேவையால் வளர்ந்தது. ரேக்கில் ஓர் அலகு (யு) உயரத்தில் இழுத்துத் திறக்கும் திரைத் தட்டு, அதன் பின்னால் 8 அல்லது 16 துளை கொண்ட ஸ்விட்ச், ஒவ்வொரு சர்வரின் பின்புறமும் ஒரு டாங்கிள், இடையே கேட்5 கம்பி என்ற அமைப்பைப் பல சர்வர் அறைகளில் இன்றும் காணலாம்.

இத்துறையின் இரு அமெரிக்க நிறுவனங்களான சைபெக்ஸும் ஏபெக்ஸும் 2000இல் இணைந்து அவோசென்ட் ஆயின. 2009இல் எமர்சன் நிறுவனம் அதை ஏறத்தாழ 120 கோடி டாலருக்கு வாங்கியது. அது அடங்கிய எமர்சனின் பிரிவே 2016 முதல் வெர்டிவ் என்ற பெயரில் இயங்குகிறது. தைவானின் ஏட்டென், அமெரிக்காவின் ராரிட்டன் ஆகியவையும் இத்துறையில் பெயர் பெற்றவை.

2000ஐ ஒட்டி வந்த ‘ஐபி வழி கேவிஎம்’ ஒரு திருப்பம். திரையின் காட்சியைச் சுருக்கி வலையமைப்பு வழியே அனுப்பியதால், கேட்5 கம்பியின் நீளத்தோடு முடிந்த எல்லை, இணையம் எட்டும் இடமெல்லாம் விரிந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் நொய்டாவிலும் அமர்ந்து ஐரோப்பிய, அமெரிக்க சர்வர்களை இரவு பகலாகக் கண்காணிக்கும் தொழில் அந்தப் பத்தாண்டில் தழைத்ததற்கு இத்தகைய தொலைவழிக் கருவிகளும் துணைநின்றன.

சர்வருக்குள் குடியேறிய காவலர்

இதே காலத்தில் கன்சோல் சர்வருக்குள்ளேயே நுழைந்தது. காம்பாக்கின் ரிமோட் இன்சைட் அட்டை, பின்னர் எச்பியின் ஐலோ, டெல்லின் டிராக் ஆகியவை தாய்ப்பலகையோடு ஒரு தனிச் சிறு கணினியைச் சேர்த்தன. பிஎம்சி எனப்படும் இந்தச் சில்லுக்குத் தனி நினைவகமும், பல மாதிரிகளில் தனி நெட்வொர்க் துளையும் உண்டு. சர்வர் அணைந்திருந்தாலும் மின்கம்பி செருகியிருந்தால் போதும், இது விழித்திருக்கும். வெப்பநிலை, விசிறி வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றை அளக்கும். திரையைத் தொலைவில் காட்டும். தொலைவிலுள்ள கோப்பை சர்வரில் செருகிய வட்டு போலக் காட்டி இயங்குதளத்தைப் புதிதாக நிறுவவும் உதவும்.

இன்டெல், டெல், எச்பி, என்இசி ஆகிய நான்கும் 1998இல் வெளியிட்ட ஐபிஎம்ஐ, வெவ்வேறு நிறுவனச் சர்வர்களுக்கு ஒரு பொதுவான மேலாண்மை நெறியைத் தந்தது. 2004இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, சீரியல் கன்சோலை வலையமைப்பு வழியே எடுத்துச்செல்லும் முறையைத் தரப்படுத்தியது. 2015இல் தரங்களை வகுக்கும் டிஎம்டிஎஃப் அமைப்பு வெளியிட்ட ரெட்ஃபிஷ் நெறி, இணையச் செயலிகள் பேசும் முறையிலேயே ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கு ஒரே நேரத்தில் கட்டளையிடும் வசதியை அளித்தது.

ஜொகூரின் எழுச்சி

சிங்கப்பூரின் மொத்த மின்பயன்பாட்டில் தரவு மையங்களின் பங்கு 2020இல் சுமார் 7 விழுக்காடாக இருந்தது. நிலமும் மின்சாரமும் நெருக்கடியானதால், 2019 முதல் 2022 ஜனவரி வரை புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை அந்நாடு நிறுத்திவைத்தது. தேவை, சிங்கப்பூரை ஜொகூரோடு இணைக்கும் கடற்பாலத்தைத் தாண்டியது. 2021இல் ஜொகூரின் தரவு மையத் திறன் ஏறத்தாழ 10 மெகாவாட்தான். சில ஆண்டுகளில், திட்டமிட்டவற்றையும் சேர்த்தால், அது ஆயிரம் மெகாவாட்டைக் கடந்தது.

கூலாய் மாவட்டத்தின் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா, இஸ்கண்டார் புத்ரியின் நூசாஜெயா தொழில்நுட்பப் பூங்கா, கூலாயில் வைடிஎல் குழுமம் 500 மெகாவாட் இலக்கோடு அமைக்கும் பசுமைத் தரவு மையப் பூங்கா ஆகியவை முக்கியத் தளங்கள். பிரின்ஸ்டன் டிஜிட்டல், பிரிட்ஜ், ஜிடிஎஸ், ஏர்ட்ரங்க் ஆகியவை இங்கு மையங்கள் அமைத்துள்ளன. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. ரப்பருக்கும் செம்பனைக்கும் பெயர்போன கூலாய் வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் தமிழர்கள் பலர். அதே மண்ணில் எழும் இந்தக் கட்டடங்களின் வேலைகள் எவை, அவற்றைக் கற்க வழி எது என்பது அவர்களின் பிள்ளைகளுக்கும் உரிய கேள்வி.

எல்லை கடக்கும் பராமரிப்பு

1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்–சிங்கப்பூர் கடற்பாலம் உலகின் மிக நெரிசலான தரைவழி எல்லைகளில் ஒன்று. சிங்கப்பூரில் இருக்கும் பொறியாளர் கூலாயிலுள்ள சர்வரைத் தொட இரு குடிநுழைவுச் சாவடிகளைக் கடக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் அதற்கே பல மணி நேரம் பிடிக்கும். ஒளியிழை வழியே கட்டளை போய்ச் சேரச் சில மில்லிநொடிகள் போதும். ஜொகூரில் சர்வரை வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்தோ பெய்ஜிங்கிலிருந்தோ நடத்த முடிவதற்கு இந்த வேறுபாடே அடிப்படை.

பராமரிப்பு இரு அடுக்காக நடக்கிறது. வாடிக்கையாளரின் பொறியாளர் தொலைவிலிருந்து பிஎம்சி வழியே சர்வரையும், கன்சோல் சர்வர் வழியே ஸ்விட்சுகளையும் ஆராய்கிறார். வட்டு மாற்றுவது, கம்பியைப் பிடுங்கிச் செருகுவது போன்ற கைவேலைகளை மையத்தில் பணிமுறை வைத்து இயங்கும் ‘ரிமோட் ஹேண்ட்ஸ்’ ஊழியர் செய்கிறார். எந்த ரேக்கில் எந்தத் துளை எந்த இயந்திரத்துக்கு உரியது என்ற குறிப்பேடு பிழையின்றி இருந்தால்தான் இந்த இருவரின் வேலையும் ஒன்றுசேரும்.

செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் இந்தப் பொறுப்பைக் கூட்டியுள்ளன. வைடிஎல் கூலாயில் நிறுவ முன்வந்த என்விடியா ஜிபி200 என்விஎல்72 அமைப்பில் ஒரு ரேக்குக்கு 72 ஜிபியு சில்லுகள், மின்தேவை ஏறத்தாழ 120 கிலோவாட், குளிர்விப்பது திரவம். வெப்ப ஏற்றத்தையும் திரவக் கசிவையும் கண்காணித்து எச்சரிப்பது மேலாண்மைச் சில்லுகளின் பணியாகிவிட்டது.

தனிப்பாதை என்னும் கொள்கை

தொலைக் கன்சோலுக்கு உயிர்நாடி, அது முதன்மை வலையமைப்பைச் சாராத தனிப்பாதையில் இயங்குவது. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பு, பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளையால் அறுந்தது. அதன் தனிப்பாதையும் அதே நேரத்தில் எட்டாமற்போனதால், பொறியாளர்களை நேரில் தரவு மையங்களுக்கு அனுப்ப நேர்ந்தது. சேவை மீள ஆறு மணி நேரத்துக்கு மேலானது.

2024 ஜூலை 19இல் நடந்தது இதற்கு மறுபக்கம். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன. மலேசியாவில் ஏர்ஏசியாவின் பயணப்பதிவும் பாதிக்கப்பட்டது. பழுதைச் சரிசெய்ய ஒவ்வொரு கணினியையும் பாதுகாப்பு முறையில் தொடக்கி ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. மேசைக் கணினிகளுக்கு ஆள் நேரில் போக வேண்டியிருந்தபோது, தொலைக் கன்சோல் உள்ள சர்வர்களில் இருந்த இடத்திலிருந்தே அதைச் செய்ய முடிந்தது.

பாதுகாப்பு

எந்த நிலையிலும் சர்வருக்குள் புக முடிகிற வழி, தாக்குவோரும் தேடும் வழி. ஐபிஎம்ஐ நெறியில் கடவுச்சொல்லைச் சரிபார்க்காமலே அனுமதிக்கும் ‘சைஃபர் பூஜ்யம்’ உள்ளிட்ட குறைகள் 2013இல் வெளிப்பட்டன. அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு அவ்வாண்டு ஜூலையில் எச்சரிக்கை விடுத்தது. 2021இல் எச்பி ஐலோவுக்குள் ஒளிந்திருந்த தீநிரல் கண்டறியப்பட்டது. இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவினாலும் அது அகலாது. 2025 ஜூனில், ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் பிஎம்சி மென்பொருளிலுள்ள கடுமையான குறை உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்படுவதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா அறிவித்தது.

மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 26 அன்று நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், தேசிய முக்கியத் தகவல் உள்கட்டமைப்பாகக் குறிக்கப்படும் நிறுவனங்கள் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. பிஎம்சி துளைகளைப் பொது இணையத்தில் திறந்துவைக்காமை, மேலாண்மைக்குத் தனி வலையமைப்பு, இரு கட்ட உள்நுழைவு, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, அமர்வுகளின் பதிவு ஆகியவை இத்துறை ஏற்றுக்கொண்ட நடைமுறைகள்.

மதிப்பீடு

தரவு மையம் பற்றிய பொதுப் பேச்சு மெகாவாட்டையும் ரிங்கிட்டையும் தண்ணீரையும் சுற்றியே நடக்கிறது. ஆனால் எல்லாம் நின்றுபோன இரவில் ஒரு மையத்தை மீட்பது அதன் மிகச் சிறிய செலவினங்களில் ஒன்றான கன்சோல் பாதையும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆட்களுமே. முதன்மை இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, கன்சோல் வழியாக மட்டும் மையத்தை எட்ட முடிகிறதா என்று காலமுறையில் சோதித்தால் அந்தப் பாதையை நம்பலாம். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் மாநிலத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களும் இந்த வேலையைப் பாடமாகச் சொல்லித்தந்தால், ஜொகூர் இயந்திரங்களுக்கு இடம் கொடுப்பதோடு நிற்காமல், அவற்றை ஆளும் பொறியாளர்களையும் தன் மண்ணிலேயே உருவாக்கும்.