கேபிள் வந்த கதையும் நம் வீட்டுப் பொறுப்பும்



“வீட்டில் கேபிள் வைத்துக்கொள்ளலாமா, ஹஜ்ரத்?” மக்தபுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கூடும், கூடாது என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால், அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் வீட்டுத் திரையில் எது வர வேண்டும் என்பதை இத்தனை ஆண்டுகளாகத் தீர்மானித்து வந்தவர் யார்? சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. 1965ஆம் ஆண்டு மன்னர் பைஸல் ஆட்சியில் சவூதி அரேபியாவில் தொலைக்காட்சி வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பை முன்னின்று நடத்திய அரச குடும்பத்து இளைஞர் ஒருவர் காவலர் துப்பாக்கியால் உயிரிழந்தார். ஆனாலும் தொலைக்காட்சி நிலைத்துவிட்டது. இன்று மக்காவின் தராவீஹ் தொழுகையை உலகெங்கும் உள்ளவர்கள் அதே கருவியின் வழியாகக் காண்கின்றனர்.

நம் மாநிலத்தில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஒரத்தநாடு போன்ற ஊர்களுக்கு அதன் ஒளி எட்டப் பல ஆண்டுகள் ஆயின. நம் சிறுவயதில் தெருவுக்கு ஓரிரு பெட்டிகளே இருந்தன. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு மாலைத் திரைப்படம், இரவுச் செய்தி என்று தில்லியும் சென்னையும் வகுத்ததே நிகழ்ச்சி நிரல். ஒரே அலைவரிசை என்பதால் வீட்டாருக்கு இருந்த ஒரே உரிமை பெட்டியை அணைப்பதுதான்.

எண்பதுகளில் வளைகுடா சென்ற நம் சகோதரர்கள் விடுமுறையில் வரும்போது டேப் ரெக்கார்டரும் டெக்கும் கொண்டு வந்தனர். கேபிளின் பிறப்பும் இந்த டெக்கிலிருந்துதான். நகரங்களில் ஒருவர் தம் வீட்டில் கேசட்டை ஓடவிட்டு, கம்பி இழுத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் படம் காட்டினார். 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் மூண்டபோது பெருநகர ஓட்டல்களில் செயற்கைக்கோள் வழியாகப் போர்க்காட்சிகள் நேரடியாகத் தெரிந்தன. குவைத்தில் பிள்ளைகளை விட்டிருந்த நம் பகுதிக் குடும்பங்களோ வானொலியில் பிபிசி தமிழோசைக்காகக் காத்திருந்தன. அதே ஆண்டில் ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அதன் பின் மொட்டை மாடிகளில் குடை ஆண்டெனாக்கள் முளைத்தன.

அக்காலக் கேபிளின் அமைப்பை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். ஆபரேட்டர் குடை ஆண்டெனாவில் பெறுவதையெல்லாம் ஒரே கம்பியில் அனுப்புவார். தெருவில் எல்லா வீட்டுக்கும் அதே சேனல்கள்தாம். ‘இந்தச் சேனல் எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒரு குடும்பம் சொன்னாலும் அதை மட்டும் நிறுத்த வழியில்லை. முழுவதையும் ஏற்க வேண்டும், அல்லது கம்பியையே துண்டிக்க வேண்டும். தில்லியின் கையிலிருந்த தேர்வு, ஆபரேட்டரின் கைக்கும் சேனல் முதலாளிகளின் கைக்கும் மாறியது, அவ்வளவே. கேபிளுக்கென்று மத்திய அரசின் சட்டம் 1995இல்தான் வந்தது.

2006 முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது கேபிள் குடிசைகளுக்கும் சென்றது. 2007இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவானது. 2011 செப்டம்பரில் அது மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு அளிக்கத் தொடங்கியது. விலை குறைந்தது. தேர்வு மட்டும் நம் கைக்கு வரவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. மின்கம்பங்களோடு கேபிளும் அறுந்து தெருவில் கிடந்தது. பல நாட்கள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாமல் குடிநீருக்கு அலைந்த அந்நாட்களை இனிமையானவை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும் மஃரிபுக்குப் பின் சிம்னி வெளிச்சத்தில் வீட்டார் அனைவரும் ஒன்றாய் அமர்ந்திருந்தது எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்று எண்ணிப் பார்த்து நாம் வெட்கினோம்.

புயலின் காயம் ஆறும் முன்னரே புதிய விதிமுறை வந்தது. டிராய் அமைப்பின் ஆணைப்படி 2019 பிப்ரவரி முதல் ஒவ்வொரு கட்டணச் சேனலின் விலையையும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். வேண்டியதை மட்டும் வாங்கும் உரிமை வீட்டாருக்கு உண்டு. அப்போது 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய். 18 விழுக்காடு வரியுடன் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனலின் விலை அதற்கு மேல். டிஜிட்டல் செட்டாப் பாக்ஸ் ஒவ்வொரு வீட்டையும் தனியே அடையாளம் காண்பதால்தான் இது இயன்றது. தில்லி, ஆபரேட்டர், முதலாளி என்று சுற்றிவந்த தேர்வு முதன்முறையாகக் குடும்பத்தின் கையில் வந்து சேர்ந்தது.

நாம் என்ன செய்தோம்? ஆபரேட்டர் நீட்டிய பேக்கேஜ் தாளில் படிக்காமலே ஒப்புதல் தந்தோம். நம் வீட்டிலும் அதுதான் நடந்தது. சில மாதங்கள் கழித்துப் பட்டியலைப் பார்த்தபோது, எவரும் பார்க்காத சேனல்களுக்கும், பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று நாமே கண்டித்த சேனலுக்கும் நம் ஹலாலான வருமானத்திலிருந்து மாதந்தோறும் பணம் சென்றிருந்தது. குறை கம்பியில் இல்லை. நம் அலட்சியத்தில் இருந்தது.

அதே பெட்டியின் மறுபக்கத்தையும் கண்டோம். 2019 ஆகஸ்டில் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு ஊரடங்கில் பள்ளிகளும் நம் மதரஸாவும் மூடிக்கிடந்தபோது, கைபேசி வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே வகுப்பறை ஆனது.

ஆகவே, அன்புப் பெற்றோர்களே, ஒரு நாள் இஷாவுக்குப் பின் வீட்டார் அனைவரும் அமருங்கள். ஆபரேட்டரிடம் சேனல் பட்டியலையும் விலையையும் கேட்டு வாங்குங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் பழைய கணக்கை நம்ப வேண்டாம். கடந்த வாரம் உண்மையில் எதைப் பார்த்தோம் என்று எழுதுங்கள். இலவசச் சேனல்களே போதுமா என்று பாருங்கள்; போதுமென்றால் மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷும் உண்டு. பேக்கேஜின் விலையைத் தனித்தனிச் சேனல்களின் விலையோடு ஒப்பிடுங்கள். வேண்டாதவற்றைச் செட்டாப் பாக்ஸிலேயே ரகசிய எண்ணிட்டுப் பூட்டலாம். தொழுகை நேரத்தில் திரை அணைந்திருக்க வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். பிள்ளைகளின் கருத்தையும் கேளுங்கள். மஷூரா நபிவழி அல்லவா?

‘எங்கள் வீட்டில் வேண்டவே வேண்டாம்’ என்று முடிவெடுக்கும் குடும்பத்தை நாம் மதிக்கிறோம். அதுவும் ஒரு தேர்வே. ஆனால், தேர்ந்தெடுக்காமல் விடுவது தேர்வாகாது. 2019இல் குறித்த காலத்துக்குள் எதையும் தெரிவிக்காத வீடுகளுக்கு நிறுவனங்களே ஒரு பட்டியலைப் பொருத்திவிடலாம் என்று டிராய் அறிவித்தது. நாம் விட்ட இடத்தில் வேறொருவர் நமக்காகத் தேர்ந்தெடுத்தார். நம் செவியும் பார்வையும் அல்லாஹ் தந்த அமானிதங்கள். அவற்றைப் பற்றி நாளை நம்மிடமே கேட்கப்படும், ஆபரேட்டரிடம் அன்று.

நம் இல்லங்களைப் பயனுள்ளவற்றால் நிரப்பவும், தீயவற்றிலிருந்து காக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.