சதுரங்க எஞ்சின்களின் ஒப்பீட்டுச் சோதனை

சதுரங்க எஞ்சின்களின் ஒப்பீட்டுச் சோதனை என்பது கணினிச் சதுரங்க நிரல்களை ஒன்றோடொன்று ஆடவிட்டு அவற்றின் ஆட்டவலிமையை அளக்கும் முறை. விண்டோஸ், லினக்ஸ், மேக் எனப் பல இயங்குதளங்களில் சோதனை நடக்கும்போது, நிரலின் திறனையும் அது ஓடும் கணினியின் வேகத்தையும் பிரித்தறிவதே முதன்மைச் சிக்கல்.

ஆனந்த் – ரெபெல் ஆட்டத்தொடர்

ஆட்ட நேரம் போன்ற சூழல் முடிவை மாற்றும் என்பதற்கு 1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியாவில் நடந்த தொடர் சான்று. சென்னைத் தால் சதுரங்கக் கழகத்தில் ஆடி வளர்ந்த விசுவநாதன் ஆனந்தை, நெதர்லாந்தின் எட் ஷ்ரோடர் எழுதிய ரெபெல் 10 எதிர்கொண்டது. அது 450 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி கே6-2 கணினியில் ஓடியது. 5 நிமிட ஆட்டங்கள் நான்கில் ரெபெல் 3–1 என வென்றது. 15 நிமிட ஆட்டங்கள் இரண்டில் 1½–½. 40 நகர்த்தல்களுக்கு 2 மணி நேரம் தந்த இரு ஆட்டங்களில் ஆனந்த் 1½–½ என முந்தினார். மொத்தத்தில் ரெபெல் 5–3.

இயங்குதள வேறுபாடுகள்

ஒரே மூலநிரலை வெவ்வேறு கம்பைலர்களில் தொகுத்தால் வேகம் மாறுபடலாம். ஏவிஎக்ஸ்2 போன்ற செயலிக் கட்டளைகளைப் பயன்படுத்தும் தொகுப்பு, பொதுத் தொகுப்பைவிட வினாடிக்கு அதிக நிலைகளை ஆராயும். நினைவகப் பக்க அளவு, பின்னணியில் ஓடும் பணிகள், நகர்த்தலைத் தெரிவிப்பதில் ஏற்படும் தாமதம் ஆகியவையும் முடிவைப் பாதிக்கும். தாமதம் கூடினால் வெல்லும் நிலையிலும் நேரம் தீர்ந்து தோற்க நேரலாம்.

சமன்செய்யும் முறைகள்

இரு எஞ்சின்களையும் ஒரே கணினியில் ஆடவிடுவது அடிப்படை விதி. செயலி இழைகள், ஹேஷ் நினைவக அளவு, இறுதியாட்டத் தரவுகள் ஆகியன இருபுறமும் ஒன்றாக இருக்கும். எதிராளியின் நேரத்தில் சிந்திப்பது நிறுத்தப்படும். ஒவ்வொரு தொடக்க நிலையையும் நிறம் மாற்றி இருமுறை ஆடுவர்.

ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினுக்காக 2013இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட், தன்னார்வலர்களின் பலவகைக் கணினிகளைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு கணினியின் வேகத்தையும் அளந்து, அதற்கேற்ப ஆட்ட நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பழைய, புதிய பதிப்புகள் இரண்டும் அதே கணினியிலேயே மோதுவதால் இயங்குதளத்தின் சாதக பாதகம் இருபுறமும் சமமாகிறது. ஸ்டாக்ஃபிஷின் 'பெஞ்ச்' கட்டளை குறித்த சில நிலைகளை ஆராய்ந்து, தேடலில் எண்ணிய கணுக்களின் (ஆராய்ந்த நிலைகளின்) மொத்தத்தைத் தரும். தொகுப்பு சரியாக இருந்தால் எந்த இயங்குதளத்திலும் அந்த எண் மாறாது.

வரம்புகள்

பாதி ஆட்டங்கள் டிராவாகும் சமபலப் போட்டியில், 100 ஆட்டங்களின் பிழை வரம்பு ஏறத்தாழ ±48 எலோ (ஆட்டவலிமையை அளக்கும் புள்ளி). 1,000 ஆட்டங்களில் ±15. நேரத்துக்குப் பதிலாகக் கணு எண்ணிக்கையை நிலைப்படுத்தினால் கணினி வேகம் கணக்கில் வராது. ஆனால் நிலையை நுணுக்கமாக மதிப்பிட்டு மெதுவாக ஓடும் நிரலுக்கு அது சலுகையாகும். ஆகவே நிரல் மாற்றத்தின் சரிபார்ப்புக்குக் கணு வரம்பும், வலிமை ஒப்பீட்டுக்கு நேர வரம்பும் பொருந்தும்.