பாலாறும் பதனிட்ட தோலும்

கேரி தீவில் பேரேடு எழுதும் கிராணிக்குத் தோலைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர் வினவக்கூடும். மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழருள் வட ஆற்காட்டார் பலர். அவர்கள் விட்டுவந்த ஆற்றின் கதை இது.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய பாலாற்றங்கரை ஊர்களில் முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டனர். வேலை முடிய வாரங்கள் ஆகும். அக்காலத்துக் கழிநீர் பன்னீராயிருந்தது என்று யாம் கூறவில்லை. உப்பும் சுண்ணாம்பும் அதிலும் இருந்தன. 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பார் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரங்களின் வேலை நாட்களில் முடிந்தது. 1970-களில் இந்திய அரசாங்கம் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுப்பதத் தோலை ஊக்குவிக்கவே, அம்முறை பாலாற்றங்கரையிலும் பெருகிற்று. இட்ட குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. பழைய முறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கழிநீரோடு போய்விடும். அந்நீர் ஆற்றிலும் வயலிலும் கிணற்றிலும் சேர்ந்தது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முற்றிலுமோ ஒரு பகுதியோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் ஆய்வு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. கெடுத்தவனே ஈடு தரவேண்டும் என்ற நெறி அதில் நிலைநாட்டப்பட்டது. ஆலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதமும் விதிக்கப்பட்டது. செத்த மாட்டின் தோலைத் தொட்டவனைத் தீட்டென்று சேரியில் தள்ளிய சமூகம், ஊர்க்கிணறே கெட்ட பின்னும் நீதிமன்றம் சொல்லும் வரை காத்திருந்ததே! எது தீட்டு?

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. துயரம் ஒழிந்ததா? 2015 ஜனவரி 31-ல் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையமொன்றின் கழிவுச்சேற்றுத் தொட்டி இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். பெரும்பாலோர் வங்காளத்தினின்று பிழைக்க வந்தவர்கள். நம் பாட்டன்மார் இங்கு வந்ததைப் போல.

மலேசியாவில் செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிநீருக்கு 1977-லேயே விதி பிறந்து, அளவு ஆண்டுதோறும் இறுக்கப்பட்டது. ஆயினும் ஒப்பிட்டு நாம் பெருமை கொள்வதற்கில்லை. எண்ணெய்க் கழிவைக் குளத்து நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். குரோமியத்தையும் உப்பையும் அவ்வாறு தீர்க்க முடியாது. அதனாற்றான் 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்புரைக்க நேர்ந்தது: பாதிக்கப்பட்டோர்க்குரிய ஈட்டை அரசாங்கம் முதலில் கொடுத்துவிட்டு, பின்னர் ஆலைக்காரரிடம் வசூலிக்க வேண்டும் என்று.