பதவி பறிப்பு போதுமா? ஜெனரல் டயர் மீதான நடவடிக்கை: ஒரு மறு ஆய்வு

படைத்தலைவர் ஒருவரின் பதவி போய், பெயரும் கெட்டபின் மேற்கொண்டு தண்டனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் ஜெனரல் ரெஜினால்ட் டயர் விவகாரம் சென்ற வழியைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. அவரைச் சிறையில் அடைப்பதா என்பது அடுத்த கேள்வி. குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கவே வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்த மக்கள்மீது டயரின் 50 சிப்பாய்கள் முன்னெச்சரிக்கை ஏதுமின்றி 1,650 முறை சுட்டனர். அரசுக் கணக்கிலேயே மாண்டவர்கள் 379 பேர். அரசு அமைத்த ஹண்டர் விசாரணைக் குழுவின்முன் டயர் எதையும் மறைக்கவில்லை. சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருக்கலாம், ஆனால் அவர்கள் திரும்பி வந்து தன்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்றார். கவச வண்டிகள் அங்கு செல்லும் குறுகிய சந்தில் நுழைந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியும் சுட்டிருக்கக்கூடும் என்றார். பதற்றத்தில் தவறியவர் என்று இரங்க அவருடைய வாக்குமூலமே இடம் தரவில்லை.

ஆனாலும் வழக்கு வரவில்லை. ஹண்டர் குழு விசாரணையைத் தொடங்கும் முன்பே, 1919 செப்டம்பரில், நல்லெண்ணத்துடன் செயல்பட்டதாகக் கருதப்படும் அதிகாரிகளை வழக்கிலிருந்து காக்கும் சட்டம் நிறைவேறிவிட்டது. 1920இல் டயரைப் பதவி விலகச் செய்து, இனிப் பணி இல்லை என்று அறிவித்ததோடு அரசு கைகழுவியது. காங்கிரஸ் விசாரணைக் குழுவும் பதவி நீக்கத்தைக் கோரியதே தவிர வழக்கைக் கோரவில்லை. பழிவாங்க மறுத்த அந்த அறவுணர்வு உயர்ந்ததுதான். ஆயினும் விசாரணையையும் பழிவாங்கலையும் அது ஒன்றாகவே எண்ணிவிட்டது.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1920 ஜூலையில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 129க்கு 86 என்ற வாக்கில் டயரின் பக்கம் நின்றது. ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழ் அவருக்காக 26,000 பவுனுக்கு மேல் திரட்டியது. 1924இல் பஞ்சாபின் முன்னாள் துணைநிலை ஆளுநர் ஓ'டுவையர், பஞ்சாபில் நடந்ததைக் கண்டித்து எழுதிய, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சங்கரன் நாயர்மீது லண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். டயர் செய்தது சரியே என்று நீதிபதி மெக்கார்டி அந்த வழக்கில் கூறினார். சுட்டவர் கூண்டேறவில்லை, கண்டித்தவர் 500 பவுன் நஷ்டஈடு கட்ட நேர்ந்தது. பதவி பறிப்பு நிர்வாக முடிவு மட்டுமே. அபிப்பிராயம் மாறினால் அதன் மதிப்பும் போய்விடும். சாட்சியத்தை எடைபோட்டு எழுதிய தீர்ப்பை அவ்வளவு எளிதில் அழிக்க முடியாது.

 

படையினரை நீதிமன்றத்தில் நிறுத்துவதா என்ற இதே கேள்வி சுதந்திர இந்தியாவிலும் நீடிக்கிறது. 1958ஆம் ஆண்டு ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் படையினர்மீது வழக்குத் தொடர முடியாது. களத்தில் நிற்கும் வீரர் வீண் வழக்குகளால் அலைக்கழிக்கப்படக் கூடாது என்ற கவலை நியாயமானது. அதற்குத் தீர்வு அனுமதி மறுப்பின் காரணத்தை எழுத்தில் தந்து, நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்படுத்துவதாகும். தண்டனையைக் குறைக்கலாம், மன்னிக்கவும் செய்யலாம். எதை மன்னிக்கிறோம் என்று சொல்ல முதலில் ஒரு தீர்ப்பு வேண்டும்.