பானையும் மணலும்

பாம்புக்குப் படுக்கை போடுவது எப்படி என்று யாராவது கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். பால் வார்ப்பது, தடி எடுப்பது என்ற இரண்டைத் தவிரப் பாம்பின் விஷயத்தில் மூன்றாவதாக ஒன்றை நம்மவர்கள் யோசிப்பதில்லை. ஆனால் எனக்கு அந்தக் கேள்வி சிரிப்புக்கு உரியதல்ல. ஒன்பதாவது வயதில் அதற்குத் தப்பான விடை சொல்லி ஓர் உயிரைப் போக்கியவன் நான்.

எங்கள் ஊர் பள்ளிப்பட்டு. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். 1960-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதிதான் எங்கள் பக்கம் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. படாஸ்கர் எல்லையைப் பிரித்துக் கொடுத்தார். பேச்சைப் பிரிக்க அவராலும் முடியவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கண்ணாடி விரியன் என்று அலறினால், அடுத்த வீட்டில் ரக்தபிஞ்சரி என்று அலறுவார்கள். பாம்பு ஒன்றுதான். இரண்டு பாஷையிலும் ஓடுகிற ஓட்டமும் ஒன்றுதான்.

வேர்க்கடலைக் கொல்லையில் எலி வளை தோண்ட இருளர்கள் வருவார்கள். ஒரு கடப்பாரை, ஒரு பை. கூடவே ஒரு கிழவரும் ஒரு பையனும். அப்படி வந்த கிழவர் ஒருநாள், வரப்பு மண்ணைக் கிளறும்போது ஒரு மண்ணுளிக் குட்டியை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் பருமன். எது தலை, எது வால் என்று தெரியாத சாது ஜந்து. அவர் அந்தப் பக்கம் திரும்பிய சமயம் அதை என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

மிட்டாய்க் கடையில் வாங்கிய பழைய கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. அதில் ரைஸ் மில் உமியை நாலு விரல் உயரத்துக்கு நிரப்பினேன். மெத்தென்று இருக்குமல்லவா? மூடியில் ஆணியால் மூன்று துளை. பாம்பு குளிர்ந்த இரத்தப் பிராணி என்று பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். குளிருமே என்று, பள்ளிக்கூடம் போகுமுன் ஜாடியை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் வெயிலில் வைத்துவிட்டுப் போனேன். அது சித்திரை மாதம். தமிழ்நாட்டில் வெயில் அதிகம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருவதைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது அது உமியின்மேல் மல்லாந்து கிடந்தது.

மறுநாள் கிழவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "உமியில போட்டா மூக்கும் வாயும் அடைச்சிப் பூடும் தம்பி. வெயில்ல வச்சா அது ஓடறதுக்கு எடம் எங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்க முப்பது வருஷம் ஆயிற்று.

பாம்பின் உடம்பில் நம்மைப்போல் அடுப்பு கிடையாது. சூடு வேண்டுமென்றால் வெயிலுக்கு வரவேண்டும். போதுமென்றால் நிழலுக்கு, வளைக்கு, கல்லிடுக்குக்குப் போகவேண்டும். அதன் வாழ்க்கையே இந்தப் போக்குவரத்துதான். பெரும்பாலான பாம்புகளுக்கு 30 டிகிரியை ஒட்டிய உடல் வெப்பம் உகந்தது. அது 40-க்குமேல் ஏறினால் சாவுதான். மூடிய கண்ணாடி ஜாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. நான் அந்தக் குட்டிக்கு மெத்தை போட்டேன், வாசலை அடைத்துவிட்டேன்.

ஈரமும் அப்படித்தான். காற்று வறண்டு போனால் சட்டை உரிக்கும்போது பிய்ந்து பிய்ந்து நிற்கும். கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற பழைய தோல் கழலாமல் ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிஞ்சினாலோ வயிற்றுச் செதிலில் கொப்புளம், படுக்கையில் பூஞ்சை. மரத்தூளும் உமியும் ஈரத்தைக் குடித்து ஊறி நாறும்; இரையோடு சேர்ந்து வயிற்றுக்குள்ளும் போகும். தேவதாரு போன்ற வாசனை மரத்தின் சீவல் என்றால் அதன் எண்ணெயே கெடுதல். வெளிநாடுகளில் பாம்பு வளர்ப்பவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது பழைய செய்தித்தாளில்தான். பத்திரிகை எழுத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று அறிந்தபோது, பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற எனக்கு அடக்கம் வந்தது.

இதையெல்லாம் வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொண்ட சரித்திரம் தனி. பாம்புகளுக்கென்று உலகில் முதன்முதல் மிருகக்காட்சிசாலையில் ஒரு வீடு கட்டியது லண்டனில், 1849-ம் வருஷம். குளிர் தேசமாயிற்றே, பாம்புகளுக்குக் கம்பளி கொடுத்தார்கள். பெரும்பாம்பு ஒன்று ஒருநாள் தன் கம்பளியையே விழுங்கிவிட்டது. சில வாரம் கழித்துத்தான் அதைக் கக்கியது! பாம்புக்கு வேண்டியது போர்வையல்ல என்பதை அது அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? கம்பளி உள்ளே இருக்கும் சூட்டைக் காக்கும். சூடே இல்லாத உடம்பில் எதைக் காப்பது?

அந்தப் புதிரை முறையாக அவிழ்த்தவள் ஒரு பெண். ஜோன் புராக்டர், சிறு வயதிலேயே பல்லியும் முதலைக் குட்டியும் வளர்த்தவள். முதலைக் குட்டியைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனாளாம். எங்கள் ஊர் வாத்தியாரிடம் அது நடந்திருக்காது. பிற்பாடு அதே லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனவற்றின் பொறுப்பை ஏற்று, 1927-ல் திறந்த புதிய வீட்டை அவளே வகுத்தாள். வீடு முழுவதையும் ஒரே சூட்டில் வைக்காமல், ஒவ்வொரு கூண்டுக்கும் அதனதன் பிராணிக்குத் தக்கபடி மின்சாரச் சூடு. கூண்டுக்குள்ளும் ஒரு மூலை சூடு, ஒரு மூலை குளிர்ச்சி. எது வேண்டுமோ அங்கே அது போய்ப் படுக்கட்டும். ஓயாத நோயோடு போராடிய அவள் 1931-ல், 34 வயதில் இறந்துபோனாள். எங்கள் கிழவர் வரப்பில் நின்று கேட்ட கேள்விக்கு அவள் கட்டடத்திலேயே பதில் எழுதிவைத்தாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நம் கரையில் இந்த விஷயத்தை ஏடாக்கியவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற கம்பெனி வைத்தியர். விசாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இருந்து, சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-ல் பெரிய சித்திரப் புத்தகம் வெளியிட்டார். கண்ணாடி விரியனை அவர் எழுதி வைத்தது ஊரார் சொன்ன தெலுங்குப் பெயரில். பிற்காலத்துச் சாஸ்திரிகள் அதற்கு அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். பாம்பைப் பிடித்துக் கொடுத்தவனின் பெயர் எந்தப் பாம்புக்கும் இல்லை.

இனி என் பானைக்கு வருகிறேன்.

இருளர்கள் வெகுகாலம் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். கைப்பை, செருப்பு, இடுப்புவார் என்று அந்தத் தோல் கடல் கடந்து போயிற்று. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும், 1976-ல் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. பாம்புக்கு நல்லதுதான். ஆனால் வேறு தொழில் தெரியாத ஒரு ஜனக்கூட்டத்தின் அடுப்பும் கூடவே அணைந்ததை அப்போது கவனித்தவர்கள் சிலரே. கிண்டியில் பாம்புப் பண்ணையை ஏற்படுத்திய ராமுலஸ் விட்டேக்கர் அவர்களில் ஒருவர். அவர் முயற்சியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் அது இருக்கிறது. தோலை உரித்து விற்பதற்குப் பதில், நஞ்சைக் கறந்து விற்பது. பாம்பை மறுபடியும் காட்டில் விட்டுவிடுவது. அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். ஆல்பெர் கால்மெத் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1890-களில் தொடங்கிவைத்த வழி அது.

சில வருஷங்களுக்கு முன் அங்கே போயிருந்தேன். சாஸ்திரக் கருவிகளும் கண்ணாடிப் பெட்டிகளும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு அங்கே கண்டது வரிசை வரிசையாக மண்பானைகள். நம் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்குச் சகோதரங்கள். உள்ளே மணல். வாயில் துணி கட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் நல்லபாம்போ, கண்ணாடி விரியனோ, கட்டுவிரியனோ, சுருட்டை விரியனோ. இந்த நாலுதான் அவர்கள் பிடிப்பது.

எனக்கு வெட்கமாக இருந்தது. லண்டன் சரித்திரத்தையெல்லாம் படித்தவன், மண்பானை என்ன செய்கிறது என்று யோசிக்கவே இல்லையே! பானைச் சுவர் மூச்சு விடும். ஈரம் மெல்லக் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிரும். தண்ணீர் குளிர்வதும் அப்படித்தானே? மணல் அழுக்கை வாங்கிக்கொள்ளும். பழையதைக் கொட்டிப் புதியதைப் போடச் செலவில்லை. துணி காற்றை விடும், பாம்பை விடாது. உள்ளே இருட்டு, வளையில் சுருண்டிருப்பதாகப் பாம்பு அமைதியாக இருக்கும்.

மூன்று நான்கு வாரந்தான் ஒரு பாம்பு அங்கே தங்கும். வாரத்துக்கு ஒருமுறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டு அடையாளம் வைத்து விட்டுவிடுவார்கள், அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாமலிருக்க. செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களில்தான் அவர்களுக்குப் பிடிக்க அனுமதி. எங்கள் பள்ளிப்பட்டும் அதில் அடங்கும்; இரண்டு மைல் தள்ளி ஆந்திரம் அடங்காது. ஊரூருக்கு விரியனின் நஞ்சு மாறுகிறது என்றும், இந்தப் பக்கத்து நஞ்சில் செய்த மருந்து வடக்கே சில இடங்களில் அவ்வளவாகக் கேட்பதில்லை என்றும் இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். இந்தியாவில் பாம்புக் கடியால் 2000 முதல் 2019 வரை வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் செத்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் செருப்பில்லாமல் வரப்பில் நடந்தவர்கள். அந்த வரப்பையும் நான் அறிவேன்.

அந்தச் சங்கத்து இருளர்கள் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2017-ல் அமெரிக்காவின் பிளாரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே யாரோ வளர்த்து, சலித்துப்போய் விட்டுவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் சதுப்பு நிலத்தில் பெருகி, இருக்கிற பிராணிகளையெல்லாம் தின்றுகொண்டிருந்தன. இவர்கள் கடப்பாரையோடு போய்ப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்ப்புப் பிராணியாகப் பாம்பை வாங்குகிற அந்தத் தேசத்து ஆசையின் மறுபக்கம் இது. நம் நாட்டில் இந்தியப் பாம்பை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆனாலும் மண்ணுளி வீட்டிலிருந்தால் பணம் கொழிக்கும் என்று நம்பி, அதை லட்சக்கணக்கில் விலை பேசிக் கடத்துகிறவர்கள் இன்றும் பிடிபடுகிறார்கள். என்னைப்போல் ஜாடியில் அடைப்பார்களோ, வேறெதில் அடைப்பார்களோ.

அன்று பானைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த பணியாளரிடம் என் பழைய பாவத்தைச் சொல்லாமல், கேள்வியை மட்டும் கேட்டேன். "வெயில் ஏறும்போது உள்ளே சூடு அதிகமாச்சுன்னா எப்படித் தெரியும்? தெர்மாமீட்டர் இருக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பானையைக் காட்டினார். "கைய வச்சிப் பாருங்க சார்."

உள்ளே என்ன பாம்பு என்று கேட்காமல் பானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தேன். வெளியே மணி பன்னிரண்டு; வைகாசி வெயில். பானை ஜில்லென்று இருந்தது.